அக்வாவுக்கு என்னாச்சு அக்கா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பாட்டுப் பக்கத்து ஓரத்துல ரெண்டே வரிதான் எழுதியிருந்தேன். ‘பார்பி கேர்ள்’ பாடுன டென்மார்க் குழு அக்வா, இனிமே மேடையில சேந்து பாடப் போறதில்லன்னு 2025 ஜூலையில அறிவிச்சுட்டாங்க, எனக்கு மனசு கனமா இருக்குன்னு. அதுக்கு இவ்ளோ கடிதமும் மெயிலும் வரும்னு நான் நினைக்கவே இல்ல. பாதிப் பேர் எங்க காலத்துப் பாட்டாச்சேன்னு உருகியிருக்கீங்க, மீதிப் பேர் அந்த பபுள்கம் பாட்டுக்கா இவ்ளோ வருத்தம்னு கேட்டிருக்கீங்க. ரெண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல ஆசை, அதனால இந்த தடவ மொத்தப் பக்கமும் அக்வாவுக்குத்தான்.

ஒரே ஒரு பாட்டு ஹிட் ஆன குழு அது. அதுக்கு எதுக்கு அக்கா இத்தன சோகம்? – தஞ்சாவூர் வாசகர்

இந்த ‘ஒரே பாட்டு’ன்ற பேச்சு எங்கருந்து வந்துச்சுன்னா, அமெரிக்காவுலருந்து. அங்க எந்தப் பாட்டு எந்த இடத்துல இருக்குன்னு சொல்ற பில்போர்ட் ஹாட் 100 பட்டியல்ல ‘பார்பி கேர்ள்’ 1997ல 7வது இடம் வரைக்கும் போச்சு, அதுக்கப்புறம் அந்த உயரத்துக்கு அவங்களோட வேற பாட்டு எதுவும் போகல. அமெரிக்கப் பத்திரிகைக்காரங்க எழுதுனத நாமளும் அப்படியே எடுத்துக்கிட்டோம்.

ஆனா அதே சமயம் பிரிட்டன்ல நடந்தத பாருங்க. 1997 கடைசியில ‘பார்பி கேர்ள்’ நாலு வாரம் முதலிடம், அங்க மட்டும் 15 லட்சம் காப்பிக்கும் மேல வித்துச்சு. அடுத்து 1998 ஆரம்பத்துல ‘டாக்டர் ஜோன்ஸ்’ முதலிடம். அதே வருஷம் மே மாசம் ‘டர்ன் பேக் டைம்’ முதலிடம். தொடர்ந்து மூணு சிங்கிள், அதாவது தனியா வெளியிட்ட பாட்டு, மூணும் முதலிடம்! இங்கிலீஷ தாய்மொழியா இல்லாத நாலு பேர், டென்மார்க்லயும் நார்வேயிலயும் பொறந்து வளந்தவங்க, பீட்டில்ஸ் பொறந்த நாட்டுல போயி இத செஞ்சாங்க. ‘பார்பி கேர்ள்’க்கு முன்னாடியே அவங்க சொந்த ஊர்ல ‘ரோஸஸ் ஆர் ரெட்’, ‘மை ஓ மை’ன்னு ரெண்டு பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. இதெல்லாம் இருந்த ‘அக்வேரியம்’ ஆல்பம் அமெரிக்காவுலயே, விற்பனைய வெச்சுக் குடுக்கற பிளாட்டினம் அந்தஸ்த மூணு மடங்கு வாங்குச்சு. இது ஒரு பாட்டுக் குழுவா சொல்லுங்க?

பபுள்கம் பாப்னா என்ன? பேரே ஒரு மாதிரி கேவலப்படுத்துற மாதிரி இருக்கே. – கோவை கல்லூரி மாணவி

ஆமாம்மா, பாதி கேவலப்படுத்தத்தான் அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு, மெல்லு, இனிப்பு போனதும் துப்புன்ற அர்த்தத்துல. ஆனா பாட்டத் தயாரிச்சவங்களே அந்தப் பேர பெருமையாத்தான் வெச்சுக்கிட்டாங்க. அறுபதுகளோட கடைசியில நியூயார்க்ல ஜெர்ரி காசெனெட்ஸ், ஜெஃப்ரி காட்ஸ்னு ரெண்டு தயாரிப்பாளருங்க இருந்தாங்க, பத்து பன்னெண்டு வயசுப் பசங்களுக்குன்னே பாட்டு போடுவாங்க. 1968ல ‘1910 ஃப்ரூட்கம் கம்பெனி’, ‘ஓஹையோ எக்ஸ்பிரஸ்’னு அவங்க கையில இருந்த குழுங்க ரேடியோவ நிரப்பிட்டாங்க. பல சமயம் ரெக்கார்டு உறையில ஒரு குழு, ஸ்டூடியோவுல மைக்குக்கு முன்னாடி நிக்கறது வேற ஆளு.

உச்சம் எதுன்னா 1969, ‘சுகர் சுகர்’. பாடுனது ‘ஆர்ச்சீஸ்’. அப்படி ஒரு குழு உலகத்துலயே கிடையாது, அது காமிக்ஸ்ல வர்ற பசங்க, டிவியில கார்ட்டூனா ஆடுவாங்க. உண்மையில பாடுனவர் ரான் டான்டேன்னு ஒருத்தர். பீட்டில்ஸும் ரோலிங் ஸ்டோன்ஸும் முழு வேகத்துல இருந்த வருஷம் அது, அந்த வருஷத்தோட நம்பர் ஒன் பாட்டுன்னு பில்போர்ட் சொன்னது இந்தக் கார்ட்டூன் பாட்டத்தான்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. ஆர்ச்சீஸ் பாட்ட காலைல சாப்புடுற சீரியல் டப்பாவோட முதுகுலயே அச்சடிச்சுக் குடுத்தாங்க. அட்டையில பிளாஸ்டிக் பூச்சு, அதுல ரெக்கார்டு மாதிரி வட்டமா கோடுங்க. டப்பா காலியானதும் அம்மாகிட்ட கத்திரிக்கோல் வாங்கி அந்த வட்டத்த வெட்டி எடுத்து ரெக்கார்டு பிளேயர்ல வெச்சா பாடும். கரகரன்னுதான் பாடும், அட்ட வளஞ்சிருந்தா ஊசி குதிக்கும், ஆனா அந்தப் பையனோட வாழ்க்கையில முதல் சொந்த ரெக்கார்டு அதுதான். இதக் கேவலம்னு எப்படிச் சொல்றது?

அக்வா இந்த வம்சம்தான், முப்பது வருஷம் தள்ளி வந்தவங்க. ஆனா ஒரு பெரிய வித்தியாசம். இவங்கள யாரும் ஆடிஷன் வெச்சு பொம்ம மாதிரி நிறுத்தல. பாட்ட அவங்களே எழுதுனாங்க, அவங்களே தயாரிச்சாங்க, அவங்களே பாடுனாங்க.

அப்ப எப்படித்தான் சேந்தாங்க? – புதுச்சேரி வாசகர்

சினிமாக் கத மாதிரிதான். சோரன் ராஸ்டட், க்ளவுஸ் நோரீன்னு ரெண்டு டென்மார்க் பசங்க, கீபோர்டு, கிட்டார், கம்ப்யூட்டர் இதெல்லாம் வெச்சுக்கிட்டு டிராக் பண்றவங்க. ஒரு போட்டியில ஜெயிச்சு, 1994ல வந்த ஒரு டேனிஷ் குழந்தைங்க படத்துக்கு மியூசிக் போடுற வாய்ப்பு கெடச்சுது. அதுக்கு உதவிக்கு ஒரு டிஜேவ கூப்புட்டாங்க, அவர்தான் ரெனே டிஃப், மொட்டத் தல, முரட்டுக் குரல்.

ஒரு பொண்ணு குரல் வேணும்னு தேடிக்கிட்டிருந்தப்ப, நார்வேக்கும் டென்மார்க்குக்கும் நடுவுல ஓடுற ‘பீட்டர் வெஸல்’ன்ற பயணிகள் கப்பல்ல ஒரு நார்வேப் பொண்ணு பாடுறத ரெனே பாத்தாரு. லேனே நிஸ்ட்ரோம். கப்பல்ல பாடுறதுன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, கேக்குறவங்க பாதிப் பேர் சாப்புட்டுக்கிட்டிருப்பாங்க, மீதிப் பேர் எப்ப கர வரும்னு பாத்துக்கிட்டிருப்பாங்க, அப்படிப்பட்ட கூட்டத்த திரும்பிப் பாக்க வெக்கிற குரல் அது.

மொதல்ல ‘ஜாய்ஸ்பீட்’னு பேர் வெச்சு ஸ்வீடன்ல ஒரு சிங்கிள் விட்டாங்க, குழந்தைங்க பாடுற சிலந்திப் பாட்ட வேகமா டெக்னோ பண்ணி. எடுபடல. துவண்டு போகாம பேர மாத்தி, சவுண்ட மாத்தி, 1996ல யூனிவர்சலோட டென்மார்க் கிளையில ஒப்பந்தம் போட்டு அக்வாவா வந்தாங்க. ரெண்டாவது தடவ எழுந்து வந்தவங்கன்றதால எனக்கு அவங்க மேல கூடுதல் மரியாத.

லேனே குரல் கம்ப்யூட்டர்ல வேகமா ஓட விட்ட குரல்தானே? உண்மையா பாடத் தெரியுமா? – சேலம் வாசகர்

ஐயா, அந்தக் கீச்சுக் குரல் ஒரு வேஷம். நாடகத்துல ஒருத்தர் கெழவி வேஷம் கட்டுனா குரல நடுங்க விடுறாரு இல்லையா, அது மாதிரி பிளாஸ்டிக் பொம்ம பேசுனா எப்படி இருக்கும்னு அந்தப் பொண்ணு கண்டுபிடிச்ச குரல் அது. அதே ஆல்பத்துல ‘டர்ன் பேக் டைம்’ இருக்கு, போயிக் கேளுங்க. நிதானமான பாட்டு, பின்னாடி வயலின் மாதிரி தந்திங்க, ரெனேயோட கர்ஜனை இல்ல, லேனே தன்னோட சொந்தக் குரல்ல, கொஞ்சம் கீழ் ஸ்தாயியில, செஞ்ச தப்ப நெனச்சு நெனச்சு பாடுறாங்க. 1998ல வந்த ‘ஸ்லைடிங் டோர்ஸ்’ படத்துல இந்தப் பாட்டச் சேத்தாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து போட்டா ஒரே ஆள்னு நம்ப மாட்டீங்க.

இன்னொண்ணு சொல்றேன், கீபோர்டு வாசிக்கிறவங்க செஞ்சு பாருங்க. ‘பார்பி கேர்ள்’ மெட்ட மெதுவா, தாளம் இல்லாம, ஒரு விரல்ல வாசிங்க. சோகமா இருக்கும்! ஏன்னா அது மைனர் ஸ்கேல்ல, அதாவது பெரும்பாலும் சோகமா ஒலிக்கிற சுர வரிசையில, போட்ட பாட்டு. மேல நிமிஷத்துக்கு 130 அடி போடுற டான்ஸ் தாளம், குதிக்கிற பேஸ், சிரிப்பு, ரெனேயோட கும்மாளம், இத்தனையும் ஏத்தி வெச்சதால நமக்கு கொண்டாட்டமா கேக்குது, அடியில ஓடுற மெட்டு அழுதுக்கிட்டுதான் இருக்கு. அந்தப் பாட்டு ஏன் இத்தன வருஷமா சலிக்கலன்னு யாராவது கேட்டா நான் இதத்தான் சொல்வேன். வெறும் சக்கரையா இருந்திருந்தா அந்த வருஷத்தோட போயிருக்கும்.

என் எட்டு வயசுப் பொண்ணு நாள் முழுக்க இதத்தான் பாடுறா. அர்த்தம் தெரிஞ்சதும் பகீர்னு ஆயிடுச்சு. கேக்க விடலாமா? – மதுரை அம்மா

உங்க பயம் நியாயம்தான்மா. அதுல ரெட்ட அர்த்தம் இருக்கு, இல்லன்னு நான் பூசி மெழுக மாட்டேன். தலைய வாரி விடலாம், உடுப்ப அவுக்கலாம், எங்க வேணா கூட்டிட்டுப் போலாம், என்ன சொன்னாலும் செய்வேன்னு பொம்ம பாடுது. பெரியவங்க காதுக்கு அது நெருடத்தான் செய்யும்.

ஆனா பாட்டு நிக்கிற எடமே அதுதான். பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும், அழகா சிரிக்கணும், சொன்ன இடத்துல உக்காரணும், சொந்தமா ஒண்ணும் யோசிக்கக் கூடாதுன்னு நெனைக்கிற உலகத்த, அந்தப் பொம்ம வாயாலயே பேச வெச்சுக் காட்டுறாங்க. டென்மார்க்ல நடந்த ஒரு கண்காட்சியில பார்பி பொம்மைங்கள வெச்சிருந்தத பாத்துதான் சோரனுக்கு இந்த எண்ணமே வந்துச்சு.

வீடியோவுல ஒரு காட்சி வரும், கவனிச்சிருக்கீங்களா? எல்லாம் பிளாஸ்டிக் நிறம், வீடு, கார், நீச்சல் குளம். பார்பியோட ஜோடிப் பொம்ம கென்னா வர்ற ரெனே ஆசையா பார்பியோட கையப் புடிச்சு இழுக்குறாரு, கை தோள்பட்டையோட கழண்டு அவர் கையில வந்துடுது. ரெண்டு நொடிதான். சின்ன வயசுல பொம்ம வெச்சு விளையாடுன எல்லாருக்கும் அது நடந்திருக்கும், அந்தக் கை கழர்ற ‘டக்’ சத்தம் எனக்கு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. பாட்டு சொல்ல வந்தது முழுக்க அந்த ரெண்டு நொடியில இருக்குன்னு எனக்குத் தோணும்.

உங்க பொண்ணு இப்ப மெட்டுக்காகப் பாடுறா, பாடட்டும். அவளுக்கு பன்னெண்டு பதிமூணு வயசானதும் பக்கத்துல உக்கார வெச்சு, இந்தப் பொம்மைக்கு ஏன்டி சொந்தமா ஒரு ஆச கூட இல்லன்னு கேளுங்க. அவளே உங்களுக்கு பதில் சொல்லுவா.

நான் சட்டம் படிக்கிறேன் அக்கா. எங்க வகுப்புல மேட்டல் வழக்குன்னு இந்தப் பாட்டப் பத்தி ஒரு நாள் பாடம் நடந்துச்சு. உங்க வாசகர்களுக்கும் சொல்லுங்களேன். – சென்னை மாணவர்

இந்தக் கேள்விக்காகவே காத்துக்கிட்டிருந்தேன் தம்பி.

பார்பி பொம்மைய 1959ல கொண்டு வந்தது அமெரிக்காவோட மேட்டல் கம்பெனி. பாட்டு உலகம் பூரா ஓட ஆரம்பிச்சதும், 1997லயே, அத வெளியிட்ட எம்சிஏ ரெக்கார்ட்ஸ் உள்ளிட்ட கம்பெனிங்க மேல மேட்டல் கேஸ் போட்டுச்சு. எங்க டிரேட்மார்க்க அனுமதி இல்லாம எடுத்துட்டாங்க, ஜனங்க இது நாங்க வெளியிட்ட பாட்டுன்னு நெனைப்பாங்க, எங்க பொம்ம பேரு கெட்டுப் போச்சு, இதான் அவங்க வாதம். ஆல்பத்து மேலயே, இந்தப் பாட்டு ஒரு சமூக விமர்சனம், பொம்ம செய்யிறவங்க உருவாக்குனதோ அனுமதிச்சதோ இல்லன்னு ஒரு வரி போட்டிருந்தாங்க. அது போதாதுன்னுட்டாங்க.

சண்ட முத்திப் போயி, மேட்டல் தரப்புல பேசுனவர் எம்சிஏவ பேங்க் கொள்ளக்காரனோட ஒப்பிட்டுப் பேச, அது எங்கள அவதூறு பண்றதுன்னு எம்சிஏ எதிர் கேஸ் போட்டுச்சு. ஒரு மூணு நிமிஷப் பாட்டுக்கு ரெண்டு பெரிய கம்பெனிங்க வருஷக்கணக்கா கோர்ட்டுல நின்னாங்க.

2002 ஜூலையில அமெரிக்காவோட ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு குடுத்துச்சு. எழுதுனவர் நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி. சட்டத்துக்கு சம்பந்தமில்லாத நானே அந்தத் தீர்ப்ப ரெண்டு தடவ படிச்சிருக்கேன், அவ்ளோ உயிரோட்டமா இருக்கும். ஒரு பொருளோட பேரு ஜனங்க பேச்சுக்குள்ள பூந்துட்டா, அதுக்கு கம்பெனி குடுத்த அர்த்தத்தத் தாண்டி சொந்தமா ஒரு அர்த்தம் வந்துடுதுன்றாரு. நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு ‘ஜெராக்ஸ் கட’ இருக்கு இல்ல, உள்ள இருக்கற மிஷின் எந்தக் கம்பெனியோ, நாம கேக்கறது ‘ரெண்டு ஜெராக்ஸ் போடுங்க’ன்னுதானே. அப்படி பொதுப் பேச்சுக்குள்ள வந்துட்ட பேர, அத யாரும் வாயில எடுக்கவே கூடாதுன்னு சொல்ற உரிமை, டிரேட்மார்க் வெச்சிருக்கறவருக்கு கிடையாது. பார்பின்றது வெறும் பொம்ம மட்டும் இல்ல, ஒரு காலத்தோட அழகுக் கற்பனையும்தான், பாட்டு அதக் கேலி பண்ணுது, பார்பியப் பத்திப் பாட பார்பின்னு சொல்லித்தானே ஆகணும்? பாட்டோட தலைப்பப் பாத்து யாரும் இத தயாரிச்ச கம்பெனி இதுதான்னு முடிவு பண்ண மாட்டாங்கன்னும் சொன்னாரு. மேட்டல் தோத்துச்சு. எம்சிஏவோட அவதூறு கேஸும் தோத்துச்சு, கோவத்துல மிகப்படுத்திச் சொன்ன வார்த்த அதுன்னு விட்டுட்டாங்க. தீர்ப்போட கடைசி வரி, ‘ரெண்டு தரப்பும் கொஞ்சம் சில் ஆகும்படி அறிவுறுத்தப்படுறாங்க’. நெசமாவே அப்படித்தான் எழுதியிருக்காரு. மேட்டல் உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு, 2003 ஜனவரியில அங்கயும் எடுத்துக்க மாட்டோம்னுட்டாங்க.

இன்னிக்கு கேலியா ஒரு பாட்டோ ஓவியமோ பண்றவங்க மேல பெரிய பிராண்டு பாஞ்சா, அமெரிக்க வக்கீலுங்க கையில எடுக்கற தீர்ப்புங்கள்ல இது ஒண்ணு. துப்பிட்டுப் போற பபுள்கம்னு சொன்னாங்களே, அதுதான் இத்தன பேரோட பேச்சுரிமைக்கு நிழலா நிக்குது. ஆனா இந்தத் தீர்ப்பு வந்தப்ப அக்வான்னு ஒரு குழுவே இல்ல, அது பிரிஞ்சு ஒரு வருஷம் ஆயிருச்சு. எனக்கு அத நெனச்சாத்தான் ஆத்தாமையா இருக்கும்.

லேனே மொதல்ல ரெனேவோட இருந்தாங்க, அப்புறம் சோரனக் கட்டிக்கிட்டாங்க, அதான் குழு ஒடஞ்சுதாமே? – ஈரோடு வாசகி

லேனேயும் சோரனும் 2001ல லாஸ் வேகாஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, 2017ல பிரிஞ்சாங்க, அதுக்கப்புறமும் ஒண்ணா மேடை ஏறுனாங்க, ரெனேவும் பக்கத்துலயே நின்னு பாடுனாரு. அதுக்கு மேல அது அவங்க வீட்டு விஷயம்மா, நாம எட்டிப் பாக்க வேணாம்.

பின்ன ஏன்தான் பிரிஞ்சாங்க? அப்புறம் என்ன செஞ்சாங்க? – திருநெல்வேலி வாசகர்

வெளியில தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். 2000ல ‘அக்வேரியஸ்’னு ரெண்டாவது ஆல்பம். அதுல ‘கார்ட்டூன் ஹீரோஸ்’ பாட்டும் அதோட வீடியோவும் பிரமாண்டம், விண்வெளி, சூப்பர்ஹீரோ, ராட்சசப் பிராணின்னு. டென்மார்க்ல கொண்டாடுனாங்க, பிரிட்டன்லயும் ‘கார்ட்டூன் ஹீரோஸ்’ முதல் பத்துக்குள்ள வந்துச்சு. ஆனா பழைய அலை அடிக்கல. அந்த ஆல்பத்துல நாட்டுப்புற வாசன, லத்தீன் தாளம்னு என்னென்னவோ முயற்சி பண்ணியிருப்பாங்க, மொத ஆல்பத்த விட நல்லா செஞ்ச ஆல்பம்னு நான் இன்னிக்கும் சண்ட போடுவேன். உலகத்துக்குத் தேவப்பட்டது இன்னொரு ‘பார்பி கேர்ள்’, இவங்களுக்கு அத திரும்பச் செய்ய மனசில்ல.

2001 மே மாசம் யூரோவிஷன் பாட்டுப் போட்டி கோபன்ஹேகன்ல நடந்துச்சு, சொந்த ஊரு, பார்க்கன் ஸ்டேடியம், நடுவுல வர்ற இடைவேள நிகழ்ச்சி இவங்களோடது. சஃப்ரி டூவோன்னு தாளம் வாசிக்கிற இன்னொரு டேனிஷ் ஜோடியோட சேந்து தங்களோட ஹிட்டுங்கள எல்லாம் கோத்து வாசிச்சாங்க. ரெண்டே மாசம், குழு கலஞ்சிருச்சு.

லேனே 2003ல தனியா ஒரு ஆல்பம் போட்டாங்க. சோரன் தன்னோட அண்ணன் தம்பி வழிப் பையனோட சேந்து ‘ஹே மாதமாதிக்’னு ஒரு குழு ஆரம்பிச்சு, டேனிஷ் மொழியிலயே பாட்டு போட்டு அங்க நல்ல பேர் எடுத்தாரு. 2007ல திரும்ப ஒண்ணா சேருறோம்னு அறிவிச்சு அடுத்த வருஷம் டென்மார்க் முழுக்க கோடைக்காலக் கச்சேரி பண்ணாங்க. 2011ல ‘மெகலோமேனியா’ன்னு மூணாவது ஆல்பம். 2016ல க்ளவுஸ் வெளிய வந்துட்டாரு, மூணு பேரா ஊர் ஊரா போயிப் பாடுனாங்க. மொத ஆல்பம் வந்து இருபத்தெட்டு வருஷம் கழிச்சுதான், 2025ல, போதும்னாங்க.

அவ்ளோ பெரிய பார்பி படம் வந்துச்சே 2023ல, அதுல ஏன் அந்தப் பாட்ட அப்படியே போடல? – வேலூர் வாசகி

அப்படியே போடல, சரிதான். ஆனா ராப் பாடகிங்க நிக்கி மினாஜும் ஐஸ் ஸ்பைஸும் பாடுன ‘பார்பி வேர்ல்ட்’ இருக்கு இல்ல, அதுக்கு அடியில ஓடுறது அக்வாவோட மெட்டுதான், பாடகர் பேருலயும் அக்வா இருக்கு. கோர்ட்டுக்கு இழுத்த அதே மேட்டல், 2009லயே பாட்டு வரிய மாத்தி தன்னோட பார்பி விளம்பரத்துக்கு அந்த மெட்ட எடுத்துக்கிச்சு, இப்ப படத்துலயும் பேரோட வந்தாச்சு. ‘பார்பி வேர்ல்ட்’டும் பில்போர்ட்ல 7வது இடத்தத் தொட்டுச்சு, 1997ல மூலப்பாட்டு தொட்ட அதே 7. எனக்கு அத பாத்தப்ப ஒரு மாதிரி சிலிர்த்துருச்சு.

உங்களுக்கு ஏன் அக்கா இந்தக் குழு மேல இவ்ளோ பாசம்? உண்மையச் சொல்லுங்க. – கும்பகோணம் வாசகி

சொல்றேன். 1998, நான் காலேஜ் ரெண்டாவது வருஷம். ‘அக்வேரியம்’ கேசட் ஒண்ணு எங்க ஹாஸ்டல் ரூம்ல இருந்துச்சு, ரூம்மேட்டோடது. டேப் சுருண்டு வெளிய வந்துட்டா பென்சில ஓட்டைக்குள்ள விட்டு சுத்தி சுத்தி உள்ள இழுப்போம், அப்படி இழுத்து இழுத்து ஒரு இடத்துல டேப் கசங்கி, ‘டர்ன் பேக் டைம்’ல ரெண்டாவது தடவ பல்லவி வரும்போது குரல் ஒரு நொடி தண்ணிக்குள்ள போயி வரும். இன்னிக்கு போன்ல சுத்தமா கேட்டாலும் அந்த எடத்துல என் காது அந்த முங்கலுக்காகக் காத்துக்கிட்டிருக்கும்.

என் ரூம்மேட் அந்தப் பாட்ட கல்ச்சுரல்ஸ்ல பாடணும்னு பேரு குடுத்தா. மூணு வாரம் மொட்ட மாடியில பயிற்சி. பாடி முடிச்சதும் நடுவரா வந்தவர் மைக்க வாங்கி, குரல் நல்லா இருக்கும்மா, ஆனா பொம்மப் பாட்டு பாடுற குழுவோட பாட்டெல்லாம் ஒரு பாட்டான்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. அவரு அந்தப் பாட்டக் கேட்டதே அன்னிக்குத்தான் முதல் தடவையா இருக்கும், குழு பேர வெச்சே முடிவு பண்ணிட்டாரு. அவ அன்னிக்கு ராத்திரி கேசட்ட எங்கிட்ட குடுத்துட்டா, எனக்கு வேணாம் நீயே வெச்சுக்கன்னு. அதுக்கப்புறம் அவ மேடையில பாடல.

பாட்டப் பத்தி எழுதணும்னு எனக்குத் தோணுனதுக்கு மொத காரணம் அந்த ராத்திரிதான். சந்தோஷமான ஒரு பாட்ட போடறது லேசான வேலை இல்ல, சொல்லப் போனா சோகப் பாட்ட விட கஷ்டம், ஒரு அடி தப்புனா பல்லக் கூச வெச்சிரும். அந்த வேலைய முழு மனசோட செஞ்ச நாலு பேர பொம்மைன்னு ஒதுக்குனா எனக்கு இன்னிக்கும் கோவம் வரும்.

சரி, ‘பார்பி கேர்ள்’ தவிர எதுவும் கேட்டதில்ல. எங்க ஆரம்பிக்கறது? – நாகர்கோவில் வாசகர்

மொதல்ல ‘டர்ன் பேக் டைம்’, ராத்திரி, ஹெட்போன் போட்டு. அடுத்த நாள் காலைல ‘ரோஸஸ் ஆர் ரெட்’. ‘டாக்டர் ஜோன்ஸ்’ வீடியோவோட பாக்கணும், இந்தியானா ஜோன்ஸ் படம் மாதிரி காடு, கொதிக்கிற அண்டா, மாட்டிக்கிட்ட மூணு பேரக் காப்பாத்த ஓடி வர்ற ரெனேன்னு ஒரே ரகள. ‘அக்வேரியஸ்’ல ‘வி பிலாங் டு த சீ’ன்னு ஒரு மெதுவான பாட்டு இருக்கு, கடலப் பத்தினது, அத கண்டிப்பா விட்டுறாதீங்க.

மேல இருக்கற கும்பகோணம் கேள்விக்கு பதில் எழுதிட்டு, மனசு கேக்காம என் ரூம்மேட்டுக்கு போன் போட்டேன். இப்ப அவ ரெண்டு பசங்களுக்கு அம்மா. குழு நின்னு போச்சுடின்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் சமையல் கட்டுலருந்து குக்கர் சத்தத்துக்கு நடுவுல ‘டர்ன் பேக் டைம்’ மொத ரெண்டு வரிய பாடுனா. சுருதி கொஞ்சமும் விலகல.